சியோலைட்டுகளில் அம்மோனியா பிடிப்பும் விடுவிப்பும்

சியோலைட்டு என்பது மூலக்கூறுகள் மட்டுமே நுழையத்தக்க நுண்துளைகளைத் தன் படிகக் கட்டமைப்பிலேயே கொண்டுள்ள அலுமினோ சிலிக்கேட்டுக் கனிமக் குழுவாகும். கிளினோப்டிலோலைட்டு, சபசைட்டு, மோர்டினைட்டு, ஸ்டில்பைட்டு முதலியன இக்குழுவைச் சேர்ந்த இயற்கைக் கனிமங்கள். இவற்றுள் பல, காற்றிலுள்ள அம்மோனியா வளிமத்தையும் நீரில் கரைந்துள்ள அம்மோனியம் அயனியையும் பிடித்து வைத்துக்கொண்டு, சூழல் மாறும்போது அவற்றை மீண்டும் வெளிவிடுகின்றன. இந்நிகழ்வில் அம்மோனியா அழிவதில்லை. அது இருக்கும் இடமே மாறுகின்றது. உரம், கோழிப்பண்ணை, மீன்தொட்டி, கழிவுநீர்த் தூய்மிப்பு, டீசல் வாகனங்களின் புகைக்குழாய் என ஒன்றோடொன்று தொடர்பற்ற பல இடங்களில் இக்கனிமங்கள் பயன்படுவதற்கு இம்மீள்தன்மையே காரணம். இதனை அறியாது பயன்படுத்துவோர் இழப்புக்கு உள்ளாவதற்கும் அதுவே காரணமாகின்றது.

பெயரும் வரலாறும்

1756 இல் சுவீடன் நாட்டுக் கனிமவியலாளர் ஆக்செல் பிரெடரிக் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சுடரில் சூடாக்கியபோது அது நீராவியை வெளியிட்டு நுரைத்துப் பொங்குவதைக் கண்டார். கொதித்தல், கல் என்னும் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அதற்குச் 'சியோலைட்டு' என்று பெயரிட்டார். 'கொதிக்கும் கல்' எனத் தமிழில் கூறலாம். துளைகளில் தங்கியிருந்த நீரே அவ்வாறு வெளியேறியது. அத்துளைகளில் வேறு பொருள்களும் தங்கக்கூடும் என்பது அன்று அறியப்படவில்லை.

அம்மோனியாவுடனான தொடர்பு வேறொரு வழியில் தெரியவந்தது. எருவிலும் கால்நடைச் சிறுநீரிலும் உள்ள அம்மோனியா மழைநீரில் கரைந்து ஓடிவிடாமல் மண்ணில் எவ்வாறு தங்குகின்றது என்பது 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உழவர்களுக்கு எழுந்த வினா. யார்க்சயர் பகுதி நிலவுடைமையாளரான ஹாரி ஸ்டீவன் தாம்சன் 1845 இல், மண் நிரப்பிய குழாயின் மேல் அம்மோனியம் சல்பேட்டுக் கரைசலை ஊற்றிச் சோதித்தார். கீழே வடிந்த நீரில் இருந்தது பெரும்பாலும் கால்சியம் சல்பேட்டே. அம்மோனியம் மண்ணில் தங்கிவிட, அதற்கு ஈடாகக் கால்சியம் வெளியேறியிருந்தது. இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியலாளரான ஜான் தாமஸ் வே இதனை விரிவாக ஆய்ந்து 1850, 1852 ஆம் ஆண்டுகளில் கட்டுரைகளை வெளியிட்டார். இன்று அயனிப் பரிமாற்றம் என அழைக்கப்படும் நிகழ்வு பற்றிய முதல் முறையான ஆய்வு இதுவே எனலாம். ஒரு பெரும் வேதியியல் துறை எருக்குழியைப் பற்றிய கேள்வியிலிருந்து பிறந்தது குறிப்பிடத்தக்கது.

எனினும் இப்பரிமாற்றம் ஒருவழிப்பட்டது என்றே வே கருதினார். 1858 இல் செருமானிய வேதியியலாளர் ஐகோர்ன், சபசைட்டு முதலிய சியோலைட்டுகளை உப்புக் கரைசல்களில் இட்டு, அவற்றின் நேர்மின் அயனிகள் முன்னும் பின்னும் மாறக்கூடியவை எனக் காட்டினார். பிடித்ததை விடுவிக்கவும் இயலும் என்பது இதனால் தெளிவாயிற்று.

அடுத்த குறிப்பிடத்தக்க ஆய்வு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே வந்தது. அமெரிக்காவின் ஹான்போர்டு அணுக்கரு நிலையத்தில் கதிரியக்கச் சீசியத்தைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்க வழிதேடிய எல். எல். ஏம்ஸ், கிளினோப்டிலோலைட்டு எந்தெந்த அயனியை எந்த வரிசையில் விரும்புகின்றது என்பதை 1960 இல் வெளியிட்டார். சீசியம், ருபீடியம், பொட்டாசியம் ஆகியவற்றை அடுத்து அம்மோனியம் நான்காம் இடத்தில் இருந்தது. சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவை அதற்குப் பின்னரே வந்தன. சாக்கடை நீரில் மிகுதியாக இருப்பவை பின்வரிசை அயனிகளே. ஆகவே அவற்றின் நடுவிலிருந்து அம்மோனியத்தை மட்டும் பொறுக்கியெடுக்க இக்கனிமம் உதவும் என்பது விளங்கியது. 1970களில் அமெரிக்காவில் கழிவுநீர்த் தூய்மிப்புக்கு இம்முறை பயன்படுத்தப்பட்டது.

கட்டமைப்பு

ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிசன் அணுக்கள் அமைந்த நான்முகியே சியோலைட்டின் அடிப்படை அலகு. இந்நான்முகிகள் மூலைகளில் உள்ள ஆக்சிசன்களைப் பகிர்ந்துகொண்டு முப்பரிமாண வலையாக இணைகின்றன. வலை இறுக்கமாக அமையாமல் வளையங்களும் கூடுகளும் கால்வாய்களும் உருவாகும்படி அமைவதால் உள்ளே வெற்றிடம் ஏற்படுகின்றது. பஞ்சில் உள்ள துளைகள் அளவில் ஒன்றுபோல் இருப்பதில்லை. சியோலைட்டின் துளைகளோ படிக அமைப்பின் பகுதி என்பதால், ஒரே கனிமத்தில் அவை எங்கும் ஒரே அளவினவாக இருக்கும்.

சில நான்முகிகளின் நடுவில் சிலிக்கானுக்குப் பதிலாக அலுமினியம் இடம்பெறுகின்றது. சிலிக்கானின் இணைதிறன் நான்கு, அலுமினியத்தின் இணைதிறன் மூன்று. ஆதலால் ஒவ்வோர் அலுமினிய அணுவுக்கும் வலையில் ஓர் எதிர்மின் ஏற்றம் மிஞ்சுகின்றது. அதனை ஈடுசெய்யச் சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகள் கால்வாய்களில் தங்குகின்றன. இவை வலையுடன் வேதிப்பிணைப்பால் கட்டுண்டவை அல்ல, மின்கவர்ச்சியால் நிற்பவை. ஆகவே வேறு நேர்மின் அயனி வந்தால் இடம் கொடுத்து வெளியேறக்கூடும்.

அம்மோனியா மூலக்கூற்றின் விட்டம் ஏறத்தாழ 0.26 நானோமீட்டர். கிளினோப்டிலோலைட்டின் கால்வாய்கள் ஏறத்தாழ 0.3 முதல் 0.75 நானோமீட்டர் வரை அகலமுடையவை. எனவே அம்மோனியா தடையின்றி உள்ளே செல்கின்றது.

பிடிக்கப்படும் முறை

அம்மோனியா பிடிபடும் வழி ஒன்றன்று. உலர்ந்த வளிமமாக வரும்போது மூலக்கூறு துளைச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றது. இது பரப்புக் கவர்ச்சி (இலங்கை வழக்கில் புறத்துறிஞ்சல்) எனப்படும். அம்மோனியா மின்முனைவுடைய மூலக்கூறு. அதன் நைட்ரசன் அணுவில் பிணைப்பில் ஈடுபடாத ஓர் எதிர்மின்னி இணை உள்ளது. அந்த இணையைத் துளையிலுள்ள நேர்மின் அயனியை நோக்கித் திருப்பி அம்மோனியா நிலைகொள்கின்றது. மின்முனைவற்ற நைட்ரசன், மீத்தேன் ஆகிய வளிமங்களை விட அம்மோனியா வலுவாகப் பிடிபடுவதன் காரணம் இதுவே.

துளையில் உலோக அயனிக்குப் பதிலாக ஐதரசன் அயனி இருப்பின் பிடி இன்னும் இறுகுகின்றது. அம்மோனியா ஒரு காரம். அது ஐதரசன் அயனியை ஏற்று அம்மோனியம் அயனியாக மாறி, எதிர்மின் ஏற்றமுடைய வலையுடன் மின்கவர்ச்சியால் பிணைகின்றது. இங்கு நிகழ்வது வெறும் ஒட்டுதல் அன்று, ஓர் அமில-கார வினை.

நீரில் நிகழ்வது அயனிப் பரிமாற்றம். நீரில் கரைந்த அம்மோனியா இரு வடிவங்களில் காணப்படும்: மின்னேற்றமற்ற அம்மோனியா, நேர்மின் ஏற்றமுடைய அம்மோனியம். இவற்றின் விகிதத்தை நீரின் பிஎச் மதிப்பு தீர்மானிக்கின்றது. 25 பாகை செல்சியசில் பிஎச் 7 எனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே அம்மோனியா வடிவில் இருக்கும். பிஎச் 8 எனில் ஏறத்தாழ 5 விழுக்காடு, பிஎச் 9.25 எனில் சரிபாதி. பரிமாற்றத்தில் பங்குகொள்வது அம்மோனியம் மட்டுமே என்பதால் காரத்தன்மை மிகுந்த நீரில் சியோலைட்டின் செயல் குன்றிவிடும்.

அம்மோனியத்தைக் கால்சியத்தினும் கிளினோப்டிலோலைட்டு மிகுதியாக விரும்புவது முதற்பார்வையில் வியப்பளிக்கலாம். கால்சியத்தின் மின்னேற்றம் இரண்டு அல்லவா? விடை நீர்ப்போர்வையில் உள்ளது. நீரில் உள்ள ஒவ்வோர் அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்து நிற்கின்றன. கால்சியமும் மக்னீசியமும் இப்போர்வையை இறுகப் பற்றியிருப்பதால் குறுகிய கால்வாயில் நுழைவது அவற்றுக்குக் கடினம். அம்மோனியம், பொட்டாசியம் ஆகியவற்றின் போர்வை தளர்வானது. அதை எளிதில் களைந்துவிட்டு அவை உள்ளே செல்கின்றன.

கொள்திறனுக்கு ஓர் எல்லை உண்டு. வலையில் எத்தனை அலுமினிய அணுக்கள் உள்ளனவோ அத்தனை மின்னேற்றங்களுக்கே இடமுண்டு. இக்கணக்கின்படி ஒரு கிராம் தூய கிளினோப்டிலோலைட்டு ஏறத்தாழ 40 மில்லிகிராம் அம்மோனியத்தை ஏற்கலாம். இயற்கைப் பாறையில் பிற கனிமங்களும் கலந்திருப்பதாலும், நீரிலுள்ள மற்ற அயனிகள் போட்டியிடுவதாலும் நடைமுறையில் கிடைப்பது இதில் பாதியோ அதற்கும் குறைவோ ஆகும்.

விடுவிக்கப்படும் முறை

வெப்பம், உப்பு, காரம் ஆகிய மூன்றும் பிடியைத் தளர்த்துகின்றன.

சூடாக்கும்போது மென்மையாக ஒட்டியிருந்த அம்மோனியா முதலில் வெளியேறும். அமில இடங்களில் அம்மோனியமாகப் பிணைந்திருப்பது ஏறத்தாழ 300 முதல் 500 பாகை வரை சூடாக்கினால்தான் பிரியும். அவ்வாறு பிரியும்போது ஐதரசன் அயனி சுவரிலேயே தங்கிவிட, கனிமம் ஒரு திண்ம அமிலமாகின்றது. பெட்ரோலியத்தைச் சிதைக்கும் சியோலைட்டு வினையூக்கிகளுக்கு அமிலத்தன்மை தரப்படுவதற்கு இது ஒரு முதன்மையான வழி. சோடியத்தை அம்மோனியத்தால் மாற்றி, பின்னர் அம்மோனியாவைச் சூடாக்கி ஓட்டிவிடுகின்றனர்.

இதே பண்பு ஓர் அளவுகோலாகவும் பயன்படுகின்றது. வினையூக்கியொன்றின் அமில வலிமையை அறிய வேண்டுமாயின், அதனை அம்மோனியாவால் நிறைத்து, சீரான வேகத்தில் சூடாக்கி, எந்த வெப்பநிலையில் எவ்வளவு அம்மோனியா வெளிவருகின்றது என்று வரைபடம் வரைகின்றனர். வரைபடத்தில் பொதுவாக இரு முகடுகள் தோன்றும். தாழ்ந்த வெப்பநிலை முகடு வலுவற்ற இடங்களையும் உயர்ந்த வெப்பநிலை முகடு வலுவான அமில இடங்களையும் காட்டும்.

நீரில் பயன்படுத்திய சியோலைட்டைப் புதுப்பிக்கச் சாதாரண உப்புக் கரைசலே போதுமானது. அம்மோனியத்தை விடச் சோடியம் குறைவாக விரும்பப்படுவது உண்மையே. ஆயினும் விருப்பத்தை எண்ணிக்கையால் வெல்லலாம். செறிந்த உப்புநீரில் சோடியம் அயனிகள் பெருந்திரளாக வந்து மோதுவதால் அம்மோனியம் இடம்பெயர்கின்றது. கரைசலில் சுண்ணாம்போ எரிசோடாவோ சேர்த்துப் பிஎச் மதிப்பை உயர்த்தினால் வெளியேறிய அம்மோனியம் அம்மோனியாவாக மாறிவிடும். அதனைக் காற்றால் வெளியேற்றிக் கந்தக அமிலத்தில் செலுத்தினால் அம்மோனியம் சல்பேட்டு உரம் கிடைக்கும்.

மீன் வளர்ப்பில்

உப்பால் அம்மோனியம் வெளியேறும் இப்பண்பு தொழிற்சாலையில் நன்மை, மீன்தொட்டியில் தீமை. மீன்கள் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அதன் மின்னேற்றமற்ற வடிவம் மிகச் சிறிய அளவிலும் மீன்களுக்கு நஞ்சு. ஆகவே நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டியில் கிளினோப்டிலோலைட்டு இடப்படுகின்றது. நன்னீரில் அது திறம்படச் செயற்படும்.

மீனுக்கு ஒட்டுண்ணி நோய் கண்டால் தொட்டியில் உப்பு இடுவது வழக்கம். வடிகட்டியில் பல வாரங்களாக அம்மோனியத்தைத் திரட்டி வைத்திருக்கும் சியோலைட்டு இருக்கும்போது உப்பிடுவது, புதுப்பிக்கும் வினையைத் தொட்டிக்குள்ளேயே நடத்துவதற்கு ஒப்பாகும். திரண்டிருந்த அம்மோனியம் மொத்தமாக நீரில் கலக்கும். நீர் சற்றே காரமாகவும் இருந்தால் அதில் கணிசமான பங்கு நச்சு வடிவமாகிவிடும். நோய்க்கு இட்ட மருந்தால் மீன்கள் மடிந்ததாகத் தோன்றும். உப்பிடும் முன் சியோலைட்டை அகற்றிவிட வேண்டும்.

கடல்நீரிலும் உவர்நீரிலும் நிலைமை வேறு. ஒரு கிலோகிராம் கடல்நீரில் சோடியம் ஏறத்தாழ 10.8 கிராமும், அம்மோனியத்தினும் மிகுதியாக விரும்பப்படும் பொட்டாசியம் ஏறத்தாழ 0.4 கிராமும் உள்ளன. இவற்றின் நடுவே லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவிலுள்ள அம்மோனியத்துக்குக் கிடைக்கும் இடம் மிகச் சொற்பம். இருப்பினும் தமிழ்நாடு, ஆந்திரக் கடற்கரைகள் உள்ளிட்ட பல பகுதிகளின் இறால் பண்ணைகளில் சியோலைட்டுத் தூள் தூவப்படுகின்றது. ஒரு எளிய கணக்கு இதன் பயனை மதிப்பிட உதவும். ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு எக்டேர் குளத்தில் ஒரு கோடி லிட்டர் நீர் இருக்கும். 200 கிலோகிராம் சியோலைட்டைத் தூவினால் லிட்டருக்கு 20 மில்லிகிராம் கிடைக்கும். அது தூய கனிமமாக இருந்து, போட்டி அயனி எதுவுமின்றி முழுவதும் நிறைந்தாலும் லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் அம்மோனியத்தையே ஏற்கும். உவர்நீரில் இதில் ஒரு சிறு பங்குகூடக் கிடைப்பதரிது. தீவனத்தைக் குறைப்பதும் நீரை மாற்றுவதும் காற்றூட்டுவதும் இதனினும் பயன்தரும் வழிகள்.

வேளாண்மையிலும் கால்நடை வளர்ப்பிலும்

யூரியா, அம்மோனியம் சல்பேட்டு ஆகிய உரங்களிலுள்ள நைட்ரசனில் ஒரு பகுதி பயிரைச் சேர்வதில்லை. சிறிது அம்மோனியா வளிமமாகக் காற்றில் கலக்கின்றது. எஞ்சியதை நைட்ரோசோமோனாசு முதலிய மண் பாக்டீரியங்களும் அவற்றைத் தொடர்ந்து செயற்படும் பிறவும் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டு எதிர்மின் அயனி என்பதால் மண்துகள்கள் அதைப் பிடிப்பதில்லை. மழைநீருடன் அது நிலத்தடி நீரைச் சேர்கின்றது.

உரத்துடன் கிளினோப்டிலோலைட்டைக் கலக்கும்போது அம்மோனியம் அதன் கால்வாய்களில் ஒதுங்குகின்றது. பாக்டீரியத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர். கால்வாயின் அகலம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆதலின் அம்மோனியம் வெளியே வரும்வரை பாக்டீரியம் அதனைத் தொட இயலாது. மண்நீரிலுள்ள பொட்டாசியமும் கால்சியமும், வேர்கள் வெளியிடும் ஐதரசன் அயனிகளும் சிறுகச் சிறுக அதனை வெளிக்கொணர்கின்றன.

சியோலைட்டு ஒரு உரமன்று என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். நைட்ரசன் குறைந்த மண்ணில் வெறும் சியோலைட்டை இட்டால், இருக்கும் அம்மோனியத்தையும் அது தன்பால் இழுத்துக்கொண்டு பயிரைச் சிலகாலம் வாடச் செய்யக்கூடும். சோடியம் மிகுந்த வகைகள் மண்ணின் தன்மையையும் கெடுக்கும். மணற்பாங்கான, அயனிகளைப் பிடிக்கும் திறன் குறைந்த மண்ணிலேயே இதன் பலன் தெளிவாகத் தெரிகின்றது. களிமண் நிலத்தில் அப்பணியை மண்ணே ஓரளவு செய்துவிடுகின்றது.

முன்கூட்டியே அம்மோனியமும் பொட்டாசியமும் ஏற்றப்பட்ட சியோலைட்டைப் பாசுபேட்டுக் கனிமத்துடன் கலந்து, மண்ணின்றிப் பயிர் வளர்க்கும் முறையும் உண்டு. பல்கேரியாவில் உருவான 'பால்கனின்' என்னும் இவ்வகை ஊடகம், 1990 இல் மீர் விண்வெளி நிலையத்திற்கு அனுப்பப்பட்ட 'சுவெத்' பசுமைக்குடிலில் பயன்படுத்தப்பட்டது.

கோழிப்பண்ணைகளில் எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தைப் பாக்டீரியங்கள் சிதைப்பதால் அம்மோனியா எழுகின்றது. காற்றில் அதன் அளவு பத்து இலட்சத்தில் 25 பங்கைத் தாண்டினால் கோழிகளின் கண்ணும் மூச்சுக்குழலும் பாதிக்கப்படும். பண்ணையில் வேலை செய்வோருக்கும் அது தீங்கானது. தரையில் பரப்பும் உமியுடனோ மரத்தூளுடனோ சியோலைட்டைக் கலப்பதால் ஈரத்தில் கரைந்த அம்மோனியம் பிடிபடுகின்றது. சில வாரங்களில் அது நிறைந்துவிடும் என்பதால் காற்றோட்டத்துக்கு இது மாற்றாகாது. நிறைந்த தரைவிரிப்பு பின்னர் நல்ல எருவாகும்.

டீசல் வாகனங்களில்

டீசல் இயந்திரத்தின் புகையிலுள்ள நைட்ரசன் ஆக்சைடுகளை அகற்ற, 32.5 விழுக்காட்டு யூரியாக் கரைசல் சூடான புகையில் தெளிக்கப்படுகின்றது. யூரியா சிதைந்து அம்மோனியாவாகின்றது. அம்மோனியா நைட்ரசன் ஆக்சைடுகளுடன் வினைபுரிய, நைட்ரசனும் நீரும் மட்டுமே எஞ்சுகின்றன. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்குப் பின் பல டீசல் வண்டிகளில் தனி யூரியாத் தொட்டி காணப்படுவது இதனாலேயே.

இவ்வினை நிகழும் பரப்பாகப் பல வாகனங்களில் செம்பு ஏற்றப்பட்ட செயற்கைச் சியோலைட்டு பயன்படுகின்றது. அதன் கட்டமைப்பு, ஐகோர்ன் 1858 இல் ஆய்ந்த சபசைட்டின் கட்டமைப்பேயாகும். யூரியா தெளிக்கப்படும் அளவும் புகையின் அளவும் நொடிக்கு நொடி ஒத்துப்போவதில்லை. மிகுந்த அம்மோனியாவைச் சேமித்துத் தேவைப்படும்போது தருவது சியோலைட்டின் பணி. ஆனால் வண்டி மேட்டில் ஏறும்போது புகை திடீரெனச் சூடேறினால், சேமிப்பிலிருந்த அம்மோனியா வினைபுரியும் முன்பே வெளியேறிவிடும். அதனைத் தடுக்கப் பின்னால் இன்னொரு வினையூக்கி வைக்கப்பட்டு, தப்பிய அம்மோனியா ஆக்சிசனேற்றம் செய்யப்படுகின்றது.

கிடைக்கும் இடங்கள்

கிளினோப்டிலோலைட்டு, எரிமலைச் சாம்பல் நெடுங்காலம் நீருடன் வினைபுரிவதால் உருவாகின்றது. துருக்கி, அமெரிக்கா, கியூபா, சிலோவாக்கியா, அங்கேரி, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளில் பெரும் படிவுகள் உள்ளன. இந்தியாவில் புனே, நாசிக் பகுதிகளின் தக்காண எரிமலைப் பாறைகளில் உள்ள குழிகளில் ஸ்டில்பைட்டு, இயூலாண்டைட்டு ஆகியன அழகிய படிகங்களாகக் கிடைக்கின்றன. இவற்றைத் தேடி வாங்குவோர் பெரும்பாலும் கனிமச் சேகரிப்பாளர்களே.

ஒப்பிடத்தக்க பிற கனிமங்கள்

அம்மோனியத்தைப் பிடிக்கும் கனிமங்கள் யாவும் அதை எளிதில் விடுவிப்பதில்லை. வெர்மிகுலைட்டு, இல்லைட்டு ஆகிய அடுக்குக் கனிமங்களில் அம்மோனியம் இரு அடுக்குகளுக்கு இடையே நுழைந்ததும் அடுக்குகள் நெருங்கி மூடிக்கொள்கின்றன. மண்ணியலில் இது அம்மோனியம் நிலைப்படுத்தல் எனப்படும். இவ்வாறு சிக்கிய நைட்ரசன் பயிருக்கு மிக மெதுவாகவே கிடைக்கும். பிணைப்பு இதனினும் இறுகிய நிலையைப் படிங்டனைட்டு என்னும் கனிமத்தில் காணலாம். 1964 இல் கலிபோர்னியாவிலிருந்து விவரிக்கப்பட்ட இந்தப் பெல்சுபார் வகையில், பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தில் அம்மோனியமே படிகத்தின் உறுப்பாக அமைந்துள்ளது.